பனி தங்காத கூரை

கம்பம் ஏறுவது என் பிழைப்பு.
மெஸ்தியாவுக்கு மேலே, சாலை களைத்து நிற்கும் இடத்தில்
எண்பத்து மூன்று வீடு, நாலு டிரான்ஸ்பார்மர்.
மலைக்காரனுக்கு மின்சாரம் இலவசம்.
அதுதான் வினை.

டிசம்பரில் மூன்று டிரான்ஸ்பார்மர் வெடித்தன.
துப்பறியக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.
எந்தக் கூரையில் பனி தங்கவில்லையோ
அதன் அடியில் பிட்காயின்.

ஜோகியாவின் தொழுவத்தில்தான் முதலில் பார்த்தேன்.
பசுக்கள் வெளியே, பெட்டிகள் உள்ளே.
விசிறி இரைச்சலில் இங்குரி ஆறே தோற்றது.
“என்னதான் செய்கிறது இது?”
“நம்பர் ஊகிக்கிறது.”
“எந்த நம்பர்?”
“தெரிந்தால் ஏன் ஊகிக்கிறது?
உலகமெங்கும் இதன் பங்காளிகள் அதையேதான் தேடுகின்றன.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவனுக்கோ அகப்படும்.
அகப்பட்டவன் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கம் எழுதுவான்.
எழுத்துக்கூலி, புதுக்காசு.”
“புத்தகம் யார் வீட்டில்?”
“எல்லார் வீட்டிலும்.
ஒருவன் வரியைத் திருத்தினால்
மற்றவன் பிரதி காட்டிக்கொடுக்கும்.
எவனையும் நம்ப வேண்டாம், அதுதான் இதன் பெருமை.”

அந்த இடம் மட்டும் எனக்குச் சட்டெனப் புரிந்தது.
எங்கள் வம்சத்தில் எவனோ ஒருவன்
எவனையோ குத்திப்போட்டதற்கு
இருபது எருது தண்டம். பத்தொன்பது கொடுத்தோம்.
எண்பத்து மூன்று அடுப்படியிலும்
இன்றைக்கும் பத்தொன்பதுதான்.

பிப்ரவரியில் எல்லாரையும் தேவாலயத்துக்கு அழைத்தார்கள்.
புனித ஜார்ஜ் படத்தில் கை வைத்து
ஒவ்வொருவராய்ச் சத்தியம்:
என் வீட்டில் இனி ஓடாது, ஓடினால் மறைக்கமாட்டேன்.
நானும் செய்தேன்.
ஜோகியா செய்தபோது
வாய் மட்டும் அசைந்ததாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் ஊரே வெள்ளை,
நஸிப்ரோலாவின் கூரை தவிர.

அவள் சத்தியத்துக்கு வரவில்லை.
பாலாடைக்கட்டிப் பானைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு பெட்டி,
அதன் சூட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி.
“நிறுத்தத் தெரியாதா?”
“தெரியும்.”

போனை நீட்டினாள்.
எழுத்தும் எண்ணுமாய் ஒரு நீண்ட முகவரி,
கீழே தொகை. அன்று காலையும் ஏறியிருந்தது.
“யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
தாரியேல் மட்டும்தான் எடுக்கலாம்.”
தாரியேல் போன வருஷம்
ஸுக்தீதி சாலையில் பனிச்சரிவில் போனான்.

சாவி என்றால் இரும்பில்லை, பன்னிரண்டு சொல்.
சட்டைப்பையில் எழுதி வைத்திருந்தான்.
தோண்டி எடுத்தபோது
குடை, எலுமிச்சை, நங்கூரம்,
மான், கதவு, வியாழன்.
மீதி ஆறும் நீல நீர்.
“மறந்தவர்கள் போய்க் கேட்க
ஓர் ஆபீஸ் இருக்குமே?”
“இல்லை. அதுவும் இதன் பெருமையாம்.”

நேற்று விலை பாதியாய் விழுந்தது என்றேன்.
“எனக்கென்ன? விழட்டும், ஏறட்டும்.
அவன் கணக்கில் இன்னும் வரவு வருகிறது.
செத்தவன் யாருக்கு அப்படி வருகிறது, சொல்லு.”

ஃப்யூஸ் கட்டையில் கை வைத்தேன்.
கன்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

என் பதிவேட்டுக்குப் பிரதி கிடையாது.
பென்சிலில்தான் எழுதுவேன், குளிரில் பேனா உறையும்.
வீடு நாற்பத்தொன்று, கூரை வெற்று
என்று வாசலிலேயே எழுதியிருந்தேன்.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

பிறகு அவளிடம் மண்வாரி கேட்டு வாங்கி,
ஏணி வைத்து,
பக்கத்து வீட்டுப் பனியை அள்ளி
அவள் கூரையில் போட்டேன்.

இரண்டு மணி நேரம் தாங்கும்.